ஓட்டல் சங்கிலிகளின் சிறந்த விலை உறுதி

சிறந்த விலை உறுதி என்பது ஓட்டல் சங்கிலி நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தரும் வாக்குறுதி. நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ செயலியிலோ அறை பதிவு செய்த ஒருவர், அதே அறை, அதே தேதிக்கு, வேறொரு பொதுத் தளத்தில் குறைந்த வாடகைக்குக் கிடைப்பதைக் காட்டினால், அந்தக் குறைந்த வாடகைக்கே அறை தரப்படும். அதற்கு மேல் ஒரு தள்ளுபடியோ வெகுமதிப் புள்ளிகளோ சேரும். தமிழ்நாட்டில் இது ‘பெஸ்ட் ரேட் கேரன்டி’ என்றே பேச்சில் வழங்குகிறது. வாடகை மலிவாக இருக்கும் என்ற உத்தரவாதம் இதில் கிடையாது. வெளியே எங்கு வாங்கினாலும் எங்களிடம் வாங்குவதைவிடக் குறையாது என்பது மட்டுமே இதில் அடங்கியிருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற நிபந்தனைகள் எல்லாம் விளங்கிவிடும்.

சங்கிலி ஓட்டல் இல்லாத ஊர்க்காரருக்கும் இது பயன்படும். எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் பன்னாட்டுச் சங்கிலி ஓட்டல் எதுவும் இல்லை. வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் முறைக் கல்வெட்டுகளைப் பார்க்க வருகிறவர்கள் சுமார் 30 கி.மீ. தள்ளிக் காஞ்சிபுரத்திலோ, செங்கல்பட்டிலோ, இன்னும் தள்ளி மாமல்லபுரத்திலோ தங்குகிறார்கள். உத்திரமேரூர்க்காரருக்கும் இந்த உறுதி பயன்படுவது வெளியே தங்கும்போதுதான். வெளியூர்ச் சம்பந்திகளுக்கு மாமல்லபுரத்தில் இரண்டு அறை, சிகிச்சைக்குச் சென்னையில் ஓர் இரவு, ஒரகடம் தொழிற்சாலைக்கு வரும் விருந்தினருக்கு ஒரு வாரத் தங்கல் என்று கைப்பேசியில் பதிவு செய்யும் வேலை வீட்டில் யாராவது ஒருவர் தலையில் விழுகிறது. அவர்களில் பெரும்பாலோர் இப்படி ஓர் உறுதி இருப்பதையே அறியாமல் முழுத்தொகையைக் கட்டிவிடுகிறார்கள்.

தோற்றம்

1990களின் நடுவில் எக்ஸ்பீடியா, புக்கிங்.காம் போன்ற இணையப் பயண முகமைகள் தோன்றின. அமெரிக்காவில் நடந்த 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பயணம் படுத்துவிட்டது. காலியாகக் கிடந்த அறைகளை ஓட்டல்கள் பெரிய கழிவு விலையில் இந்த முகமைகளிடம் கொடுத்தன. முகமைகள் அவற்றின்மேல் தங்கள் இலாபத்தை வைத்து விற்றபோதும், ஓட்டலின் சொந்தத் தளத்தைவிட விலை குறைவாகவே இருந்தது. ஓட்டலுக்கே நேரில் வருகிறவர் கூடுதலாகவும், இடைத்தரகர் வழியே வருகிறவர் குறைவாகவும் கொடுக்கும் நிலை உருவானது. வாடிக்கையாளரைத் தன் தளத்துக்குத் திருப்பிக் கொண்டுவர, 2000களின் தொடக்க ஆண்டுகளில் பெரிய சங்கிலிகள் ஒன்றன்பின் ஒன்றாக இந்த உறுதியை அறிவித்தன.

அவர்களின் கணக்கு எளிது. முகமை வழியாக வரும் ஒவ்வொரு பதிவுக்கும் வாடகையில் 15 முதல் 25 விழுக்காடு வரை தரகாகப் போகிறது. நேரடிப் பதிவில் அது மிச்சம். உறுதியைக் கோரி வரும் ஒரு சிலருக்குக் கால்பங்கு தள்ளுபடி கொடுத்தாலும், ‘எங்கள் தளத்திலேயே பார்த்தால் போதும்’ என்ற நம்பிக்கை மற்ற ஆயிரம் பேரிடம் பதிந்துவிட்டால் நிறுவனத்துக்கு இலாபமே.

கோரும் முறை

சங்கிலிக்குச் சங்கிலி விவரம் மாறும். மாரியட் நிறுவனம் குறைந்த வாடகையை ஏற்றுக்கொண்டு, அதிலும் 25 விழுக்காடு தள்ளுபடியோ 5,000 வெகுமதிப் புள்ளிகளோ வாடிக்கையாளர் விருப்பப்படி தருகிறது. ஹில்டன் 25 விழுக்காடு குறைக்கிறது. இன்டர்கான்டினென்டல் குழுமம் விலையைச் சமன் செய்து, வழக்கமான புள்ளிகளை ஐந்து மடங்காக்குகிறது. இவை அவ்வப்போது மாறுபவை. பதிவு செய்யும் நாளில் அந்தந்தத் தளத்தில் உள்ள விதிமுறைப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பொதுவான நடைமுறை இது: முதலில் சங்கிலியின் சொந்தத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள், அறைக்குள் நுழையும் நேரத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, கோரிக்கைப் படிவத்தை நிரப்ப வேண்டும். உறுதிப்படுத்தல் எண், குறைந்த விலை காட்டும் தளத்தின் முகவரி, அங்குள்ள அறை வகை, வாடகை ஆகியவை கேட்கப்படும். இதன் பிறகுதான் முக்கியமான கட்டம். நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தன் கணினியில் அதே தளத்தைத் திறந்து, அதே விலை அப்போதும் கிடைக்கிறதா என்று தாமே பார்க்கிறார். அவர் கண்ணில் பட்டால்தான் கோரிக்கை நிற்கும். வாடிக்கையாளர் அனுப்பும் திரைப்பிடிப்பு, அதாவது ஸ்கிரீன்ஷாட், துணைச் சான்று மட்டுமே. அது ஒன்றே போதும் என்று பெரும்பாலான சங்கிலிகள் ஏற்பதில்லை. ஆகவே காலையில் பார்த்த விலையை இரவில் கோருவதில் பயனில்லை. பார்த்த உடனே பதிவு, பதிவு செய்த உடனே கோரிக்கை.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதி, சனிக்கிழமை இரவு, சங்கிலியின் தளத்தில் வாடகை 8,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. கட்ட வேண்டியது 9,676 ரூபாய். வேறொரு தளத்தில் அதே அறை 7,400 ரூபாய். 7,500 வரையிலான வாடகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. எனவே அங்கே மொத்தம் 7,770 ரூபாய். வாடகையில் 800 ரூபாய் வித்தியாசம், கையிலிருந்து போகும் பணத்தில் 1,906 ரூபாய் வித்தியாசமாகிறது. கோரிக்கை ஏற்கப்பட்டு 25 விழுக்காடு தள்ளுபடியும் கிடைத்தால் வாடகை 5,550 ரூபாய். வரியோடு 5,827 ரூபாய் 50 காசு. 7,500 ரூபாய்க் கோட்டின் இரு பக்கமும் விலைகள் விழும்போது இந்த உறுதிக்கு இந்தியாவில் தனிப் பலன் உண்டு. கோரிக்கைப் படிவத்தில் எழுத வேண்டியது வரிக்கு முந்தைய வாடகையா, வரி சேர்ந்ததா என்பதை அதனால்தான் கவனிக்க வேண்டும். இந்திய முகமைத் தளங்கள் வாடகையைப் பெரிய எழுத்திலும், வரியையும் சேவைக் கட்டணத்தையும் அடியில் சிறிய எழுத்திலும் காட்டுகின்றன. பணம் கட்டும் கடைசித் திரை வரை போய்ப் பார்த்த தொகையை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

நிராகரிக்கப்படும் காரணங்கள்

நிராகரிப்புகளில் பெரும்பகுதி ‘ஒரே அறை’ என்ற நிபந்தனையில் வருபவை. ஒன்றில் காலை உணவு சேர்ந்திருக்கும், மற்றதில் இருக்காது. ஒன்றில் கடல் பார்த்த அறை என்றிருக்கும், மற்றதில் ‘டீலக்ஸ்’ என்று மட்டும் இருக்கும். ஒன்றை முந்தைய நாள் வரை ரத்து செய்யலாம், மற்றதில் கட்டிய பணம் திரும்பாது. இந்தக் கடைசி வேறுபாட்டில்தான் பலர் சிக்குகிறார்கள். முகமையில் தெரியும் மலிவு விலை, பணம் திரும்பாத வகை. அதோடு பொருந்துவதற்காகச் சங்கிலித் தளத்திலும் பணம் திரும்பாத வகையைப் பதிவு செய்துவிட்டு, கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் கூடுதல் விலையில் மாட்டிக்கொள்ள நேரிடும். ரத்து செய்யக்கூடிய வகைகளை மட்டும் ஒப்பிட்டுக் கோருவதே பாதுகாப்பு. கோரிக்கை தோற்றாலும் பதிவை ரத்து செய்துவிட்டு மலிவான இடத்துக்குப் போகலாம்.

உறுப்பினர்க்கு மட்டும் காட்டும் விலை, செயலியில் மட்டும் தெரியும் விலை, விமானச் சீட்டோடு சேர்ந்த தொகுப்பு விலை, பதிவு முடியும் வரை ஓட்டலின் பெயரை மறைத்து விற்கும் விலை ஆகியவை கணக்கில் வருவதில்லை. வங்கி அட்டைத் தள்ளுபடியும் கூப்பன் குறியீடும் அப்படியே. இந்திய முகமைத் தளங்களில் தெரியும் மலிவில் பெரும்பங்கு இந்தக் கூப்பன்களால் வருவதால், இங்கே கோரிக்கைகள் வெற்றிபெறும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது.

அப்படியானால் உண்மையான விலை வேறுபாடு எங்கிருந்து வருகிறது? மொத்த விற்பனையாளர்களிடமிருந்து. சுற்றுலாத் தொகுப்புகளுக்காக ஓட்டல்கள் ஆண்டு ஒப்பந்தத்தில் மொத்த வியாபாரிகளுக்கு அறைகளை நிலையான குறைந்த விலையில் தருகின்றன. தொகுப்பாக விற்க வேண்டிய அந்த அறைகள் கைமாறிக் கைமாறி, சிறிய பதிவுத் தளங்களில் தனி அறையாக வெளிவந்துவிடுகின்றன. கோரிக்கையில் வெல்பவை பெரும்பாலும் இப்படிக் கசிந்த விலைகள். பல தளங்களின் விலையை ஒரே திரையில் அடுக்கிக் காட்டும் ஒப்பீட்டுத் தளங்களில் இவை கண்ணில் படும்.

இன்னொரு சிக்கல் உரிமையாளர் பற்றியது. சங்கிலியின் பெயர்ப்பலகை தொங்கும் கட்டடம் பல இடங்களில் வேறொருவருடையது. மாமல்லபுரத்தின் ரேடிசன் புளூ டெம்பிள் பே விடுதி ஜி.ஆர்.டி. ஓட்டல்ஸ் நிறுவனத்தினுடையது, பெயர் ரேடிசனுடையது. இத்தகைய அமைப்பில் உறுதியைத் தருவது பெயருக்குரிய நிறுவனம். பில் போடுவது கட்டடத்துக்குரிய நிறுவனம். வரவேற்பு மேசையில் இதைக் கேட்டால் ‘அது எங்களுக்குத் தெரியாது சார்’ என்ற பதில் வருவது இதனால்தான். கோரிக்கை ஏற்கப்பட்ட மின்னஞ்சலைக் கையில் வைத்திருந்து, அறைக்குள் நுழையும்போதே காட்டி வாடகையை உறுதி செய்துகொள்வது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும்.

விலைச் சமநிலை ஒப்பந்தங்கள்

இந்த உறுதியின் மறுபக்கத்தில் முகமைகள் ஓட்டல்களிடம் வாங்கிய ஒப்பந்தங்கள் இருக்கின்றன. எங்களிடம் தரும் விலையைவிடக் குறைவாக வேறெங்கும் விற்கக்கூடாது என்பது அகன்ற வகை. உங்கள் சொந்தத் தளத்தில் மட்டும் குறைக்கக்கூடாது என்பது குறுகிய வகை. அகன்ற வகை நடைமுறையில் இருக்கும்வரை எல்லாத் தளத்திலும் விலை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்; கோருவதற்கு வேறுபாடு அதிகம் மிஞ்சாது. ‘எங்கள் விலையே குறைவு’ என்று எல்லோரும் ஒரே நேரத்தில் உண்மையாகச் சொல்லிக்கொள்ளலாம். வாங்குகிறவருக்குக் குறைவது ஒன்றுமில்லை. விலையைச் சமன் செய்யும் உறுதிகள் போட்டியாளர்களை விலை குறைக்காமல் தடுக்கும் கருவியாகவும் ஆகலாம் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டீவன் சாலப் 1986-இலேயே வாதிட்டார். குறைத்தவுடன் எதிராளியும் குறைப்பான் என்று தெரிந்தால் முதலில் குறைக்க யார் முன்வருவார்? வாடிக்கையாளருக்கு நன்மை என்று விளம்பரமாகும் ஒன்றைப் பற்றிய இந்தக் கேள்வி பொருளியலில் இன்றும் நிற்கிறது, நிற்கவும் வேண்டும்.

ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2013-இல் எச்.ஆர்.எஸ். என்ற ஓட்டல் பதிவுத் தளத்தின் சமநிலை விதியையும், 2015-இல் புக்கிங்.காமின் குறுகிய விதியையும் தடை செய்தது. பிரான்சு 2015-இல் சட்டம் மூலமே அவற்றைச் செல்லாதவையாக்கியது. இந்தியாவில் ஓட்டல் மற்றும் உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு கொடுத்த புகாரின்மேல், இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 19 அன்று மேக்மைட்ரிப்–கோஐபிபோ பயண முகமைக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோ ஓட்டல் நிறுவனத்துக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. ஓட்டல்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களிலிருந்து விலைச் சமநிலை விதிகளையும் அறை இருப்புச் சமநிலை விதிகளையும் நீக்கும்படி மேக்மைட்ரிப்புக்கு உத்தரவிட்டது. சிறிய லாட்ஜ் நடத்துகிறவர் தன் சொந்தத் தொலைபேசி எண்ணில் அழைப்பவருக்கு நூறு ரூபாய் குறைத்துச் சொல்லும் உரிமை இந்த உத்தரவின் அடியில் இருக்கிறது. சங்கிலிகளின் உறுதியைவிட இது கிராமப்புறப் பயணிக்கு அதிகம் உதவக்கூடியது.

காஞ்சிபுரம் வட்டாரத்தில்

காஞ்சிபுரம் நகரின் தங்குமிடங்களில் மிகுதி தனியார் லாட்ஜுகள். அவற்றில் விலை உறுதி என்று ஒன்றும் இல்லை. முகூர்த்த நாள், திருவிழா நாள் பார்த்து வாடகை ஏறும் இறங்கும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராஜப் பெருமாள் கோயிலில் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அத்திவரதர் வைபவத்தின்போது அறை கிடைப்பதே அரிதாகி, வாடகை தாறுமாறாக உயர்ந்தது. அத்தகைய நாட்களில் சங்கிலியின் உறுதியும் உதவாது. எல்லாத் தளத்திலும் விலை ஏறிவிட்டால் ஒப்பிடக் குறைந்த விலை எங்கே இருக்கும்? ஏறிய விலை நியாயமா என்ற கேள்விக்குள் இந்த உறுதி நுழைவதே இல்லை.

நுகர்வோர் சட்டத்தின் கீழ்

நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறியும் உறுதி மறுக்கப்பட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். விலை குறித்துப் பொதுமக்களைத் தவறாக எண்ணவைப்பது அச்சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பணம் கட்டும் கடைசித் திரையில் மட்டும் கட்டணத்தைக் கூட்டிக் காட்டும் உத்தியை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்கு தொடுக்க முடியும். 2019 சட்டம் புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலும் தொடுக்க இடம் தருகிறது. தலைமையகம் எந்த நாட்டில் இருந்தாலும், ஓட்டல் எந்த ஊரில் இருந்தாலும், உத்திரமேரூரில் வசிப்பவர் தம் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு உறுதிப்படுத்தல், தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், நிறுவனத்தின் மறுப்பு மின்னஞ்சல், அன்றைய விதிமுறைப் பக்கத்தின் நகல், வரியோடு கூடிய பில் ஆகிய ஐந்தும் புகாரோடு சேர்க்க வேண்டியவை. விதிமுறைப் பக்கத்தை நிறுவனம் பிறகு மாற்றிவிடலாம் என்பதால், அதன் நகலைப் பதிவு செய்த அன்றே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.