மலையேறும் வயது

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரைச் சீமையின் பாளையங்களுள் ஒன்றாயிருந்து, பின்பு ஜமீனாகி, இன்று தேனி மாவட்டத்தின் நகராட்சியாக விளங்கும் போடிநாயக்கனூரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், ஏலக்காய் வியாபாரத்தையும் 1928-இல் வந்து சேர்ந்த இருப்புப்பாதையையும் விஸ்தாரமாகக் கூறுவர். ஆயினும், தாய் தகப்பன் இல்லாது வளர்ந்து, வயது வந்ததும் போக்கிடம் அறியாது நின்ற பிள்ளைகளுக்கு இம்மலை என்னவாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றி அச்சரித்திரம் பூர்த்தியாகாது.

ஏலச்செடியின் தூரடியில் தரையோடு படரும் சரங்களிலிருந்து முற்றிய காய்களை மட்டுமே தேர்ந்து எடுக்க வேண்டியிருப்பதாலும், எடுத்த தோட்டத்திலேயே ஏறக்குறைய நாற்பது நாளுக்கொருமுறை மறுபடியும் காய் எடுக்க வேண்டியிருப்பதாலும், ஆடி கழிந்து தை, மாசி வரையில் மலையில் ஆள் தேவை ஓய்வதில்லை. ஆள் தேவை ஓயாத இடத்தில், வந்தவன் யார் பிள்ளை என்ற விசாரணை அதிகம் நடப்பதில்லை. உற்றார் இல்லாதவனுக்குக் கங்காணி தந்த முன்பணமும், தோட்டத்து லைன் வீட்டின் ஒரு மூலையும், வேளைக்குக் கஞ்சியும் பெரிய ஆதரவாகவே தோன்றியிருக்கும். அதை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வீடு வேலையோடு பிணைக்கப்பட்ட வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. தொழிலாளி இறந்தால், அவருடைய பிள்ளை பேரேட்டில் தன் பெயரைப் பதிந்துகொண்டு கூடையைத் தூக்க வேண்டும், இல்லையேல் இறங்கிப் போக வேண்டும். நோயும் முதுமையும் வந்து கீழே இறங்கியவர்களுக்கு, இறங்கி வருவதற்கென ஒரு திண்ணை எங்கும் இருக்கவில்லை.

1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கலாகாது என்று விதித்தது. பன்னிரண்டைக் கடந்தவன் வைத்தியரின் தகுதிப் பத்திரத்துடன் வேலை செய்யலாம் என்றிருந்தது. அந்த விதியும் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகிய நான்கு பயிர்களின் தோட்டங்களையே பெயர் சொல்லிக் குறித்தது. ஏலத்தின் பெயர் 1981-ஆம் வருஷத்துத் திருத்தத்திலேதான் ஏறிற்று. ஆக, தோட்டங்களில் பால்யம் பன்னிரண்டிலேயே முடிந்துவிட்டது.

ஆதரவற்ற பிள்ளையை வளர்ப்பதோடு கடமை தீரவில்லை, அவன் வெளியேறும் நாளைக்கும் வழி செய்ய வேண்டும் என்னும் எண்ணம் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1789-இல் எழும்பூரில் ஏற்பட்ட இராணுவ ஆண் அநாதாலயம், அங்கே ஆண்ட்ரூ பெல் பாதிரியார் நடத்திய சட்டாம்பிள்ளை முறைக் கல்வியால் உலகப் பிரசித்தி பெற்றது. அதைக்காட்டிலும் நான் மதிப்பது, 1794-இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி, பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த அதே பள்ளி, தன் ஆரம்ப மாணாக்கர்களை அந்த அநாதாலயத்திலிருந்தே எடுத்துக்கொண்டதைத்தான். இல்லத்தை விட்டுப் புறப்பட்ட பையனுக்குத் தொழிலும் உத்தியோகமும் அங்கே காத்திருந்தன. அந்தப் பாக்கியம் ஐரோப்பியச் சிப்பாய்களின் புத்திரர்களுக்கு மட்டுமே கிட்டிற்று என்பதையும் மறைக்கலாகாது.

1850-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டம் அவ்வழியை எல்லோருக்கும் பொதுவாக்க முயன்றது. தர்மத்தில் வளர்ந்த அநாதைகளும் ஏழைப் பிள்ளைகளும் உரிய வயதில் ஜீவனோபாயம் தேடிக்கொள்ளும் பொருட்டு, பத்து முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை ஏழாண்டுக்கு மேற்படாமல் தொழில் கற்பிக்கும் ஓர் எஜமானரிடம் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம் என்றது அச்சட்டம். நாதியற்ற பிள்ளைக்கு மாஜிஸ்திரேட்டே கார்டியன் ஸ்தானத்தில் நிற்கலாம். இருபத்தொன்றைத் தாண்டி ஒப்பந்தம் நீளலாகாது என்றும் அது விதித்தது. பின்பு, இந்தியாவிலேயே முதலாவதாக 1920-இல் இயற்றப்பட்ட சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. 1986, 2000, 2015 ஆகிய வருஷங்களின் இளைஞர் நீதிச் சட்டங்கள் தொடர்ந்தன. இன்றைய விதியின்படி, பதினெட்டு நிரம்பி இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு இருபத்தொன்று வரையிலும், விசேஷ காரணம் இருப்பின் இருபத்துமூன்று வரையிலும் பிற்காப்பு என்னும் உதவி உண்டு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கென ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய் குறிக்கப்பட்டிருக்கிறது. எனினும், 2015-ஆம் வருஷத்துச் சட்டம் இவ்வுதவியை அரசின் விருப்பத்திற்கு விட்டதேயன்றிக் கட்டாயமாக்கவில்லை என்பது பெருங்குறை.

தேனிப் பிரதேசத்தில் இக்குறை தனியாக உறைக்கும். பெற்றோர் கைவிடும் சிசுக்களை அரசே ஏற்றுக்கொள்ளும்படி 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இம்மாவட்டத்திற்கும் விரிந்தது. தத்துச் சென்ற குழந்தைக்கு ஒரு வீடும் சித்தப்பா, அத்தை என்னும் உறவுகளும் வாய்த்தன. இல்லங்களிலேயே வளர்கிறவர்களுக்கோ பதினெட்டாம் பிறந்தநாள் என்பது பெட்டியைக் கட்டும் நாள். குடும்ப அட்டையில் பெயரில்லை. விலாசம் கேட்டால் இல்லத்தின் விலாசத்தையே சொல்ல வேண்டும். 1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டமையால், போடியில் வசித்து விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டைக் கடந்து காய் எடுக்கப் போகிறவர்களின் ஜீவனம் ஒரு மாநிலத்திலும் அவர்களுடைய பத்திரங்கள் மற்றொரு மாநிலத்திலும் கிடக்கின்றன. குடும்பமுள்ளவர்களே அலைக்கழியும் இவ்விஷயத்தில் தனியாளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் குழு வீடுகளுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016-ஆம் வருஷத்து மாதிரி விதிகளிலேயே இடமிருக்கிறது. பிற்காப்பில் கைகொடுக்க விரும்பும் ஸ்தாபனங்கள், தனி மனிதர்கள் ஆகியோரின் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டுமென்றும் அவ்விதிகள் கூறுகின்றன. நாதியற்றவர்களின் உழைப்பையும் பெற்று வளர்ந்த இவ்வூரின் ஏல வியாபாரிகளும், கிட்டங்கி முதலாளிகளும், தோட்டக்காரர்களும் தேனியின் பட்டியலுக்குத் தங்கள் பெயரைக் கொடுத்து இவற்றை அளிக்க வேண்டும்: வேலையோடு பிணைக்கப்படாத ஓர் அறை, முன்பணம் கேட்காத வாடகை, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு உடன் வர ஒருவர், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாவென்று அழைக்க ஒரு குடும்பம்.