மூடியைத் திறந்து நிற்கும் மனிதன்
யுத்த தாங்கி மாதிரியுருக்களும் அவற்றின் ஆளுருவங்களும்

களுபோவிலையிலுள்ள எமது வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், சித்தப்பா தம் இளமைக் காலத்திற் பொருத்திய பிளாஸ்ரிக் யுத்த தாங்கியொன்று நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அதன் சுழல்கோபுரத்து மூடி திறந்தே கிடக்கும். அதனுள் இடுப்பளவு தெரிய நின்ற மனிதன் எப்போதோ தொலைந்து போனான். அவன் நின்ற காலத்தில் அது யுத்த தாங்கி. அவன் போன பின்னர் அலுமாரிப் பொருள்களுள் ஒன்று. இவ்வேறுபாடு எதனால் ஏற்பட்டது என்ற வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

ஊர்தியைச் சிறிதாக்கிச் செய்தவன் அதனைச் செலுத்துபவனையும் உடன்செய்தான் என்பதற்குப் பழைய சான்றுகள் உண்டு. மகாராட்டிரத்தில் பிரவரை ஆற்றங்கரையிலுள்ள தைமாபாத் என்னுமிடத்தில் 1974இல் விவசாயி ஒருவர் கண்டெடுத்த வெண்கலத் தேர் அவற்றுட் சிறந்தது. ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமான அத்தேரை இரு எருதுகள் இழுக்கின்றன. தேரின்மேல் ஒருவன் நின்று செலுத்துகின்றான். அது சிந்துவெளிப் பண்பாட்டின் பிற்கூற்றைச் சார்ந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. எமது கோயிற்றேர்களிலும், மரக்குதிரைகளுக்குப் பின்னே சாரதியாகப் பிரமன் அமர்ந்திருப்பதைக் காணலாம். சாரதியில்லாத தேரை எமது தச்சர் தேராக மதிக்கவில்லை போலும்.

இனி யுத்த தாங்கிக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் யப்பானின் சிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம் ஜேர்மனியரின் பாந்தர் தாங்கியை மாதிரியுருவாக வெளியிட்டது. உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் அடங்கவேண்டுமென்று அதன் அகலம் தீர்மானிக்கப்பட்டது. பின்னர் கணக்கிட்டபோது உண்மைத் தாங்கியின் முப்பத்தைந்தில் ஒரு பங்காக அது அமைந்திருந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் அளவுத்திட்டமொன்று மின்கலத்தின் பருமனாற் பிறந்தது என்பது சுவையான செய்தியே. இவ்வளவுத்திட்டத்தில் 175 சென்ரிமீற்றர் உயரமுள்ள மனிதன் சரியாக 5 சென்ரிமீற்றராகின்றான். 1968இல் அந்நிறுவனம் தொடங்கிய இராணுவ மாதிரியுரு வரிசையின் முதல் வெளியீடு தாங்கியன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. ஜேர்மன் தாங்கிப் படையாட்களின் உருவங்களே முதலில் வந்தன.

இவ்வுருவங்களை அழகுக்கு வைப்பன என்று கொள்வது பொருந்தாது. எத்தனை பேர், எவர் எங்கே இருந்தனர் என்பதில் ஒரு போரின் வரலாறே அடங்கியிருத்தல் கூடும். 1940இல் பிரான்சு வீழ்ந்தபோது அந்நாட்டின் சோமுவா, பி-1 ஆகிய தாங்கிகளின் கவசம் எதிரியின் தாங்கிகளுடையதிலும் தடித்ததாகவே இருந்தது. ஆயின் அவற்றின் சுழல்கோபுரத்தில் ஒருவனுக்கே இடமிருந்தது. களத்தை நோக்குதல், கட்டளையிடல், குண்டு நிரப்பல், குறிபார்த்துச் சுடுதல் யாவும் அவ்வொருவன் தலையில் விழுந்தன. ஜேர்மனியரின் மூன்றாம், நான்காம் வகைத் தாங்கிகளிலோ கோபுரத்தில் மூவர். கட்டளையாளன் களத்தைப் பார்ப்பதற்கென்றே இருந்தான். சோவியத்தின் டி-34 தாங்கியிலும் தொடக்கத்திற் கோபுரத்தில் இருவரே. கட்டளையாளனே பீரங்கியையும் இயக்கினான். 1944இல் 85 மில்லிமீற்றர்ப் பீரங்கியுடன் வந்த வகையிலேயே மூன்றாமவனுக்கு இடங்கிடைத்தது. பிரான்சின் தோல்விக்கு இதுவொன்றே காரணமென்று கூறுதல் மிகையாகும். எனினும் உருக்கின் தடிப்பை மட்டும் அளந்து பார்ப்பவனுக்கு இது ஒருபோதும் புலப்படாது.

தமிழ்நாட்டில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் வெளிவந்த விஜயந்தா தாங்கியில் நால்வர் இருந்தனர். பின்னர் அங்கு ஆக்கப்பட்ட டி-72இல் மூவரே; குண்டு நிரப்பும் பணியை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆகவே டி-72இன் கோபுரத்துள் மூவரை அமர்த்தும் மாதிரியுருக் கலைஞன், கைத்திறன் எவ்வளவு வாய்ந்தவனாயினும், வரலாற்றிற் பிழைவிட்டவனாவான்.

இங்கு ஒரு குறையையுஞ் சொல்லவேண்டும். பெரும்பாலான மாதிரியுருக்களில் நாம் காண்பது கட்டளையாளன் ஒருவனையே. அவனும் பல வேளைகளில் இடுப்புக்குமேல் மட்டுமே வார்க்கப்பட்டவன். பாந்தர் தாங்கியில் ஐவர் இருந்தனர். சாரதியும் வானொலி இயக்குபவனும் சுடுபவனும் குண்டு நிரப்புபவனும் மூடிய உருக்கினுள் மறைந்துபோகின்றனர். தாங்கி தீப்பற்றியபோது வெளியேற வழியின்றி மாண்டவர்களுள் இவர்கள் பலர்.

இவ்வெண்ணம் ஆனையிறவைக் கடக்கும்போது மேலும் வலுப்பெறுகின்றது. அங்கே கண்டி வீதியோரத்தில், கவசத் தகடுகள் பொருத்தப்பட்ட புல்டோசர் ஒன்று நினைவுச் சின்னமாக நிற்கின்றது. 1991 யூலையில் விடுதலைப் புலிகள் ஆனையிறவு முகாமைத் தாக்கியபோது முன்செலுத்திய வாகனம் அது. அதன்மேல் ஏறிக் கைக்குண்டெறிந்து அதனைத் தடுத்து, தாமும் உயிர்நீத்த இராணுவ வீரர் காமினி குலரத்னவின் பெயரால் அச்சின்னம் வழங்குகின்றது. வெளியே ஏறியவரை வருவோர் யாவரும் அறிவர். உள்ளே இருந்து அதனைச் செலுத்தியவர்களும் இந்நாட்டில் ஒரு தாய் வயிற்றிற் பிறந்தவர்களே. பேருந்துகள் நிற்கின்றன, பிள்ளைகள் இறங்கி அவ்வியந்திரத்தின் முன் படமெடுத்துக் கொள்கின்றனர். தகடுகளுக்கு உள்ளே எத்தனை பேருக்கு இடமிருந்தது என்று அவர்களுள் ஒரு சிறுவன் தந்தையைக் கேட்டதை நான் கேட்டேன். தந்தை அவனைப் படத்துக்கு நேராக நிற்கச் சொன்னார்.