பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சுற்றுச்சூழல் பேணல்

பெரம்பலூர் 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பின்னர் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2007 முதல் தனி மாவட்டமாக நிலைத்துள்ளது. மானாவாரி நிலங்களும் ஏரிப்பாசனமும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் அடுத்தடுத்து அமைந்த பகுதி இது. மரக்கன்று நடும் விழா ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் இயற்கையின் மீதான அக்கறை தலைமுறை தாண்டி நிலைப்பது எப்படி என்பதற்கு இப்பகுதியின் வரலாற்றில் சில விடைகள் உள்ளன.

கடலாக இருந்த நிலம்

கிரீத்தேசியக் காலத்தில் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் இன்றும் ஓடைக்கரைகளிலும் சுரங்கங்களிலும் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் பழமையான, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் உள்ளது. இதனை 1940இல் முதன்முதலில் உலகறியச் செய்தவர் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். இன்று இது தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் அமைந்துள்ளது.

அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்டுக்கு மூலப்பொருள். அதனால் பலருக்குப் பிழைப்பு கிடைக்கிறது. ஆனால் பல இலட்சம் ஆண்டுகளில் படிந்ததைச் சில பத்தாண்டுகளில் தோண்டி எடுத்துவிடலாம். மீண்டும் உண்டாக்க முடியாது. கல்மரத்தின் முன் நிற்கும் மாணவருக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

சோழர் வெட்டிய ஏரி

முதலாம் இராசேந்திர சோழன் கங்கை வெற்றியின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். இன்று அது பொன்னேரி எனப்படுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடு இதனை நீராலான வெற்றித்தூண் என்று குறிப்பிடுகிறது. கல்தூணை நட்டுவிட்டு மறந்துவிடலாம். ஏரியோ ஆண்டுதோறும் தூர்வாரி, கரை பலப்படுத்தினால்தான் நிலைக்கும்.

இதனை உணர்ந்தே சோழர் காலத்து ஊர்ச்சபைகள் ஏரி வாரியம் அமைத்தன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, ஏரி வாரிய உறுப்பினர் 6 பேர் குடவோலை முறையில் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆள் மாறினாலும் பொறுப்பு தொடர்ந்தது. குடிமராமத்து என்னும் வழக்கமும் இத்தகையதே. தமிழ்நாடு அரசு 2017இல் அப்பெயரிலேயே ஏரி, குளங்களைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

கரைவெட்டி

அரியலூர் மாவட்டத்திலுள்ள கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரிக்கு வடகிழக்குப் பருவமழையும், புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் மேட்டூர் அணை நீரும் ஆதாரம். நெல்லும் கரும்பும் விளைவிக்கும் சுற்றுவட்டார உழவர்களுக்கு இதுவே பாசன ஏரி. நடு ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்குத் தங்குகின்றன.

ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் உடன்படிக்கை 1971இல் ஈரான் நாட்டில் கையெழுத்தானது. அதன் பட்டியலில் கரைவெட்டி இடம்பெற்ற செய்தி 2024 சனவரியில் வெளியானது.

நிலைத்த அக்கறை

பட்டியலில் இடம்பெறுவது ஒரு தொடக்கமே. மேட்டூர் நீர் குறைந்தாலோ வரத்து வாய்க்கால் தூர்ந்தாலோ பயிரும் வாடும், பறவையும் வராது. உழவரின் நலனும் பறவையின் நலனும் ஒரே நீரில் இருப்பதை ஊர் மக்கள் உணர்ந்தால், ஏரியைக் காக்க வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. பயன்பெறுவோரிடமே பொறுப்பும் இருந்து, அது அடுத்த தலைமுறையின் கைக்கு முறையாக மாறும்போதுதான் சுற்றுச்சூழல் அக்கறை நிலைபெறும் என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.