கேப்டன் இலட்சுமியும் தோட்டத்துப் பெண்டிரும்

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. வானம் பார்த்த அதன் கரிசல் பூமியில் மழை பொய்த்த காலத்தில் பிழைக்கும் வழிகள் சிலவே. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசிக்கு ஒரு வழியைத் திறந்தது. பட்டாசு அதன் பின்னே வந்தது. மற்றொரு வழி கப்பல். கங்காணியின் சொல்லை நம்பி இலங்கைக்கும் மலாயாவுக்கும் கடல் கடந்த தமிழ்க் குடும்பங்கள் எண்ணற்றவை. சிவகாசியின் கதை பலராலும் எழுதப்பட்டுவிட்டது. கப்பலேறியோரின் பெண்மக்கள் துப்பாக்கி ஏந்திய கதை, இலட்சுமி சாகலின் வரலாற்றுக்குள் பாதி மறைந்து கிடக்கிறது.

இலட்சுமி சென்னையில் 1914 அக்டோபர் 24-இல் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர் சுவாமிநாதன். தாய் அம்மு, பின்னாளில் திண்டுக்கல் தொகுதியின் மக்களவை உறுப்பினர். 1938-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற இலட்சுமி, 1940-இல் சிங்கப்பூர் சென்று ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்துவந்தார்.

1943 ஜூலையில் நேதாஜி அங்கு வந்தார். பெண்கள் படை ஒன்று வேண்டும் என்றார். சில நாட்களுக்குள் இருபது பெண்களைத் திரட்டி, சேலையுடுத்த கோலத்திலேயே கனத்த துப்பாக்கிகளைத் தாங்கி அணிவகுப்பு மரியாதை செய்யவைத்தார் இலட்சுமி. அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்தோரில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டி வந்தவர்கள் அவருள் மிகப்பலர். இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள் இந்திய விடுதலைக்காகப் பெயர் கொடுத்தனர்! நேதாஜியின் இந்துஸ்தானிப் பேச்சு அவர்களுக்குத் தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது.

இம்மாவட்டத்தில் 'கேப்டன்' என்றால் 1991-இல் வந்த திரைப்படம் விஜயகாந்துக்குத் தந்த பட்டமே முதலில் நினைவுக்கு வரும். இலட்சுமிக்கோ அது படை தந்த பெயர்; பதவி உயர்ந்த பின்னும் அதுவே நிலைத்தது. எனினும் அவரை வாளேந்திய வீராங்கனையாகவே பாடுவது முழு உண்மையாகாது. அப்படைக்குப் போர்முனையில் நின்று பொருதும் வாய்ப்புப் பெரிதும் கிட்டவில்லை. பர்மாவிலிருந்து பின்வாங்கிய நெடுவழியில்தான் அப்பெண்களின் உறுதி வெளிப்பட்டது. 1945-இல் பிடிபட்ட இலட்சுமி, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். தோழியர் பலர் தோட்டங்களுக்கே மீண்டனர். விடுதலை பெற்ற இந்தியா, நேதாஜியின் படையினரைத் தன் இராணுவத்தில் மீளச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது கசப்பான செய்தி.

செங்கோட்டை வழக்கில் நின்ற பிரேம் சாகலை 1947-இல் மணந்து கான்பூரில் குடியேறிய இலட்சுமி, பிரிவினையால் வீடிழந்து வந்தோர்க்கு மருத்துவம் செய்தார். அரசியலுக்கு வந்தது கால் நூற்றாண்டு கழித்தே. 1971-இல் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981-இல் சென்னையில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது அதன் நிறுவனர்களுள் ஒருவர். 1984 டிசம்பரில் போபால் நச்சுவாயுவுக்குப் பின் மருத்துவக் குழுவோடு அங்கே நின்றார். பத்ம விபூஷண் 1998-இல் வந்தது.

2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிகள் அவரை நிறுத்தினர். எதிரே நின்றவர் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் மைந்தர், இராமேசுவரத்து அப்துல் கலாம். ஏவுகணை செய்தவர் படைவீரரல்லர். படை நடத்தியவரோ மகப்பேறு மருத்துவர். கலாம் பெற்ற வாக்குமதிப்பு 9,22,884. இலட்சுமி பெற்றது 1,07,366. தோற்றவர் கான்பூர் திரும்பி மீண்டும் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 2012 ஜூலை 23-இல் மறைந்தபோது அகவை 97. அவர் உடல் மருத்துவ மாணவர் கற்பதற்காகக் கொடையளிக்கப்பட்டது.