பித்தப்பை நீக்கமும் பித்தநாளக் காயமும்

பித்தப்பையை அகற்றும்போது, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் நாளம் வெட்டுப்படுவதோ, கிளிப்பில் சிக்குவதோ, சூட்டுக்கருவியால் கருகுவதோ பித்தநாளக் காயம் எனப்படும். சிலருக்குச் சில நாட்களிலேயே பித்தம் வயிற்றுக்குள் கசியும். வேறு சிலருக்கு நாளம் தழும்பேறிச் சுருங்கி, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மஞ்சள் காமாலையும் குளிர்காய்ச்சலுமாகத் தலைகாட்டும்.

1882 ஜூலை 15 அன்று பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். பித்தக் கல்லை மட்டும் எடுத்துப் பயனில்லை, கல் விளையும் பையையே எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்தச் சிகிச்சை பரவப் பரவ நாளக் காயமும் கூடவே வந்தது.

மிகவும் பேசப்பட்ட நோயாளி, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடன். 1953 ஏப்ரலில் லண்டனில் நடந்த அறுவையில் அவருடைய நாளம் காயமுற்றது. அதே மாதம் மறு அறுவை, பலனில்லை. ஜூனில் அமெரிக்காவின் பாஸ்டனில் ரிச்சர்ட் கேட்டல் நாளத்தைச் சீரமைத்தார். ஆனாலும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. 1956 அக்டோபரில், எகிப்துடனான சூயஸ் கால்வாய் நெருக்கடியின் நடுவே, பிரதமராக இருந்த ஈடன் கடும் காய்ச்சலில் விழுந்தார். 1957 ஜனவரியில் பதவி விலகினார். சூயஸில் பிரிட்டன் கண்ட தோல்வியை இந்த நாளத்தின் தலையில் கட்டுவோரும் உண்டு. அது மிகை.

1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் பையை எடுத்தார். 1987இல் பிரான்சின் லியோனில் பிலிப் மூரேயும் அப்படிச் செய்தார். வயிற்றைத் திறந்து செய்தபோது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த காயம், இம்முறையின் தொடக்க ஆண்டுகளில் ஐந்தை எட்டியது. கைத்திறன் போதாததே காரணம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 2003இல் அறுவை மருத்துவர் லாரன்ஸ் வேயின் குழு 252 காயங்களை ஆராய்ந்தபோது, 97 விழுக்காட்டில் மூலகாரணம் கண்ணின் மயக்கமே என்று தெரிந்தது. பையை இழுத்துப் பிடிக்கையில் பொதுப் பித்தநாளம், பையை அதனோடு இணைக்கும் சிறுகுழாயான காம்போடு நேர்கோட்டில் வந்துவிடும். மருத்துவர் அதையே காம்பென்று நம்பி, தயக்கமின்றி வெட்டிவிடுவார்.

அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் முன்வைத்த விதி இந்த மயக்கத்துக்கே மருந்து. கொழுப்பை விலக்கி, பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, இரண்டே இரண்டு குழாய்கள்தாம் பைக்குள் போகின்றன என்று கண்ட பிறகே எதையும் வெட்டலாம். அழற்சி மிகுந்து அப்படிக் காண முடியாவிட்டால், பையில் ஒரு பகுதியை விட்டுவிடுவதே விவேகம்.

காயம் நேர்ந்துவிட்டால் சிகிச்சை அதன் வகையைப் பொறுத்தது. வெட்டிய காம்பின் அடியில் பித்தம் கசிந்தால் எண்டோஸ்கோப்பி வழியே ஸ்டென்ட் வைப்பது பெரும்பாலும் போதும். நாளமே அறுந்திருந்தால் கல்லீரல் நாளத்தைச் சிறுகுடலோடு இணைக்க வேண்டும்; முதல் முயற்சியே அனுபவமுள்ள கல்லீரல் அறுவை மையத்தில் நடந்தால் பலன் நன்றாயிருக்கும். இணைத்த இடமும் பின்னாளில் சுருங்கக்கூடும் என்பதால் பல ஆண்டுகளுக்குக் கல்லீரல் இரத்தப் பரிசோதனை தொடரும்.