சுவர் விழுந்த கோயிலில் திருவருகைக் காலம்

வைத்திக்குப்பம் கடற்கரையிலிருந்து மிஷன் வீதிக்கு நடந்தே போய்விடலாம். அங்கே சம்பா கோவிலில் டிசம்பர் முழுக்கக் கிறிஸ்துமஸுக்கான காத்திருப்பு. நான்கு வாரம், நான்கு மெழுகுவத்தி. மூன்றாவது மட்டும் இளஞ்சிவப்பு. அன்று மகிழ்ச்சி ஞாயிறு. வருகிறவர் வருமுன்பே மகிழச் சொல்லும் நாள்.

தோழர்களே, 'பொறுத்திருங்கள்' என்பதை நம்மைப் போலக் கேட்டவர் யாருமில்லை. அதனால் கேட்கிறோம்: எதை நம்பி மகிழ்வது?

அந்தக் கோயிலின் வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. இன்றைய கட்டடம் 1791-இல் முடிந்தது. அதற்கு முன் அங்கே நின்ற இயேசு சபைக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர் கிறித்தவர்கள். மறுபுறம் சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியரும். துய்ப்ளே ஆளுநராக இருந்த 1745 அக்டோபரில் அது இடிக்கப்பட்டது. இதை எழுதிவைத்தவர் நம்மவர் அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளை, தன் நாட்குறிப்பில். சேரி மக்கள் பெரிய பாதிரியாரிடம் போய் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தான், எல்லோரையும் சமமாக நடத்துங்கள் என்பதே அவர்கள் கேட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். சில வாரங்களில் திருவருகைக் காலம் வந்தது.

சுவர் விழுந்தது, சாதி விழவில்லை. இதே புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் 2008-இல் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அரசின் சுவரும் நிற்கிறது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை நம்மைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. புதுச்சேரிக்கான 1964 ஆணையும் அப்படியே. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. மதத் தடையை நீக்குங்கள் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் சொன்ன பிறகும் காத்திருக்கிறோம்.

ஆனாலும் மகிழ்கிறோம். 280 ஆண்டுகளுக்கு முன் படிப்பும் பதவியும் இல்லாத நம் முன்னோர் கேட்டார்கள், சுவர் விழுந்தது. அவர்கள் கை கட்டி நின்று காத்திருக்கவில்லை. கேட்டுக்கொண்டே காத்திருந்தார்கள்.

இந்த மகிழ்ச்சி ஞாயிறன்று உங்கள் பங்கு இளைஞர் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: நம் ஊரில் கல்லறை ஒன்றா, இரண்டா? தேர் நம் தெருவுக்கு வருகிறதா? பதில் சங்கடமாக இருந்தால், வேலை அங்கேதான் தொடங்குகிறது.