எச்.ஐ.வி. குற்றச் சட்டங்கள் (அமெரிக்கா)

தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்தவர் அதைச் சொல்லாமல் உடலுறவு கொள்வதையும், ஊசியைப் பகிர்வதையும், ரத்ததானம் செய்வதையும் தண்டிக்கும் மாநிலச் சட்டங்கள் இவை. பெரும்பாலானவற்றில், மற்றவருக்குத் தொற்று ஏற்பட்டதா என்ற கேள்வியே எழுவதில்லை.

1986 முதல், எய்ட்ஸ் என்றால் சாவு என்றிருந்த காலத்தில், இவை இயற்றப்பட்டன. சிகிச்சைக்கு நிதி வழங்கிய 1990ஆம் ஆண்டின் ரயன் ஒயிட் சட்டம், இத்தகையோர் மீது வழக்குத் தொடரப் போதிய சட்டம் தம்மிடம் உள்ளதென மாநிலங்கள் சான்றளிக்கக் கோரியது. 2000இல் அந்த நிபந்தனை நீங்கியது, சட்டங்கள் நீங்கவில்லை. 2011க்குள் 33 மாநிலங்களில் 67 சட்டங்கள் இருந்தன. துப்புதல், கடித்தல் போன்று தொற்று பரவும் வாய்ப்பு மிகக் குறைந்த அல்லது அறவே இல்லாத செயல்களையும் 25 மாநிலங்கள் குற்றமாக்கியிருந்தன. டெக்சாஸ் தன் தனிச்சட்டத்தை 1994இலேயே நீக்கிவிட்டது. ஆயினும் 2008இல் அங்குள்ள டாலஸ் நகரில், காவலர் மீது துப்பிய, எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவரின் எச்சிலைக் கொடிய ஆயுதமாகக் கருதி 35 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது.

அயோவா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு இதைவிடக் கொடுமையானது. குற்றஞ்சாட்டப்பட்டவர் மருந்து எடுத்துவந்தார், ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது, ஆணுறையும் அணிந்திருந்தார். யாருக்கும் தொற்றவில்லை. அவருக்கு 25 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. சில மாதங்களில் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டாலும், பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. 2014இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அதே ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது.

பொதுச் சுகாதாரத்தின் பார்வையில் இச்சட்டங்களின் அடிப்படையே பழுதானது. பரிசோதனை செய்துகொண்டவர் மட்டுமே இவற்றில் சிக்குவார். செய்யாதவருக்கு 'தெரியாது' என்பதே பாதுகாப்பு. சில மாநிலங்களில், தொற்று உறுதியானதும் சட்டக் கடமையை அறிந்துகொண்டதாகச் சுகாதாரத் துறையே படிவத்தில் கையெழுத்து வாங்கியது. ஆலோசனை கேட்க வந்தவர் தமக்கெதிரான சாட்சியத்தில் தாமே ஒப்பமிட்டுச் சென்றார். பலனும் தென்படவில்லை. தனிச்சட்டம் இருந்த சிகாகோவையும் இல்லாத நியூயார்க்கையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், மக்களின் பாலியல் நடத்தையில் சட்டத்தால் விளைந்த வேறுபாடு காணப்படவில்லை. நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்விலும், புதிய தொற்றுகள் கண்டறியப்படும் விகிதத்துக்கும் இச்சட்டங்களுக்கும் தொடர்பு தெரியவில்லை. மாறாக, தொடக்கத்திலேயே தரப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை, துணைவருக்குத் தொற்று பரவுவதை 96 விழுக்காடு குறைக்கும் என 2011இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியிருந்தது.

கலிபோர்னியா 2017இல் தண்டனையைப் பெரிதும் குறைத்தது. 2021இல் இல்லினாய்சும் 2022இல் நியூஜெர்சியும் தம் சட்டங்களை முற்றிலும் கைவிட்டன. பல மாநிலங்களில் இவை இன்னும் நடைமுறையில் உள்ளன.